போலீஸ் கண்ணாடி

2024 மே 14, செவ்வாய்க்கிழமை காலை 10.40க்குப் பெரம்பலூரிலிருந்து அரியலூருக்குப் புறப்பட்ட பஸ், 11.25க்குச் சித்தளியைத் தாண்டியதும் நின்றது. முன்னால் சுண்ணாம்புக்கல் ஏற்றிய டிப்பர் லாரி ஒன்று அச்சு முறிந்து சாலையின் குறுக்கே கிடந்தது.

பஸ்ஸில் ஐம்பத்து மூன்று பேர் இருந்தார்கள். டிரைவர் ராசாங்கம் என்ஜினை நிறுத்தினார். கண்டக்டர் கலைவாணன் லாரி வரை நடந்துபோய் விசாரித்துவிட்டு வந்து, டிரைவர் ஜன்னலுக்குக் கீழே நின்றார்.

"கிரேன் அரியலூர்லேருந்து வரணுமாம்ண்ணே. ஒரு மணி நேரம் ஆவும்."

"ஆவட்டும்."

"ஏற்கெனவே நாம லேட்டு. பேரளிலேருந்து இங்க வர்றதுக்குள்ள மூணு டிராக்டர் நம்மள ஓவர்டேக் எடுத்துடுச்சி. அதுல ஒண்ணு வைக்கோல் லோடு."

ராசாங்கம் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாமலே ஸ்டீயரிங்கின் மேல் நெற்றியைச் சாய்த்துக்கொண்டார்.

அவருக்கு வயது ஐம்பத்திரண்டு. இருபத்தாறு வருடமாக அரசு பஸ் ஓட்டுகிறார். மறுநாள் புதன்கிழமை அவருக்குக் கண் பரிசோதனை இருந்தது. தேறாவிட்டால் ஸ்டீயரிங்கைத் தொட விடமாட்டார்கள். டிப்போ வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, உள்ளே வரும் பஸ்களின் நம்பரை நோட்டில் எழுத வேண்டும். இதுவரை எல்லாச் சோதனைகளிலும் அவர் தேறியிருந்தார். இந்த முறை தேறமாட்டோம் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை.

பத்தொன்பது நாளாக அவர் கண் கெட்டுக்கொண்டிருந்தது.

முதலில் போனது டேஷ்போர்டு. பஸ் புது மாடல். வேகம், நேரம், டீசல் எல்லாம் ஒரு சின்னத் திரையில் எழுத்தாக வரும். ஓட்டிக்கொண்டிருக்கும்போது திரை இருண்டு போனது. பஸ்ஸை நிறுத்தி நிமிர்ந்து பார்த்தால் எழுத்து திரும்ப வந்தது. டிப்போ மெக்கானிக் பழனிவேலிடம் மூன்று தடவை புகார் சொன்னார். பழனிவேல் மூன்று தடவையும் பார்த்துவிட்டு, "வண்டி டிஸ்பிளே நல்லாத்தாண்ணே இருக்கு. உங்க டிஸ்பிளேயத்தான் ஒருக்கா காட்டிப் பாருங்க" என்றான்.

அடுத்தது செல்போன். ஒருநாள் போனைக் குறுக்குவாட்டில் திருப்பிப் பிடித்துப் பேரன் வீடியோவைப் பார்த்தார். திரையில் ஒன்றுமே இல்லை, ஆனால் பேரன் சிரிக்கிற சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம் புள்ளிகள். முன்னால் போகும் கார்களின் பின்பக்கக் கண்ணாடியில் புள்ளிமான் தோல்போல வரிசை வரிசையாகப் புள்ளி தெரிந்தது. சில நாள் அதைச் சுற்றி நீலமும் மஞ்சளும் ஊதாவும் வேறு தெரிந்தன. சர்க்கரை இருந்தால் கண்ணில் புள்ளி வரும் என்று யாரோ சொல்ல, சோதித்துப் பார்த்தார். சர்க்கரை இல்லை.

சாயங்காலம் வீட்டுக்குப் போனால் எல்லாம் சரியாகிவிடும். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு டி.வி. பார்ப்பார், புள்ளி இருக்காது. பேரன் முகம் போனில் பளிச்சென்று தெரியும்.

"மாலைக்கண்ணு கேள்விப்பட்டிருக்கேன். இது என்னா பகல்கண்ணு?" என்றாள் மனைவி மலர்கொடி. மறுநாளிலிருந்து பொன்னாங்கண்ணிக் கீரை ஆரம்பமானது. பொரியல், கூட்டு, கடைசல், சூப். ஒருநாள் தோசைக்குள்ளும் இருந்தது.

மலர்கொடி, சிறுவாச்சூர் அம்மனுக்கு வெள்ளியில் கண்மலர் சாத்துவதாகவும் வேண்டிக்கொண்டாள். அந்தக் கோயில் வாரத்தில் திங்களும் வெள்ளியும்தான் திறந்திருக்கும். திங்கட்கிழமை லீவு போட்டுவிட்டு இருவரும் போனார்கள். சந்நிதியில் மரியாதைக்காக ராசாங்கம் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. உண்டியலில் எழுதியிருந்த பொடி எழுத்தைக்கூட வாசித்தார். மலர்கொடி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். வெளியே வந்து செருப்பை மாட்டி, கண்ணாடியையும் மாட்டினார். நிறுத்தியிருந்த பதினோரு கார்களின் கண்ணாடியிலும் புள்ளி இருந்தது.

"கோயிலுக்குள்ள இருக்கற வரைக்குந்தான் அம்மன் பொறுப்பு போலருக்கு" என்றார்.

இவ்வளவு நடந்தும் அந்தக் கண்ணாடிமேல் அவருக்குச் சந்தேகம் வரவில்லை. அதற்குக் காரணம் இருந்தது. ஏப்ரல் கடைசியில் ஒரு காதுகுத்தில் மச்சினன் மணிவண்ணன் அதைக் கொடுத்தான். அவன் ஷார்ஜாவிலிருந்து லீவில் வந்திருந்தான். பக்கத்தில் மேளம் உச்சத்தில் இருந்தது. "மாமா, இது சாதாக் கண்ணாடி இல்ல, போலரைஸ்டு. கண்ணுக்கு அவ்ளோ நல்லது" என்று காதருகே கத்தினான். ராசாங்கத்தின் காதில் 'போலீஸ்' என்று விழுந்தது. ஷார்ஜாவில் போலீஸ்காரர்கள் போடுகிற கண்ணாடி என்று டிப்போ முழுக்கச் சொன்னார். டிப்போவில் அதற்குப் போலீஸ் கண்ணாடி என்றே பெயர் ஆகிவிட்டது. கண்ணுக்கு நல்லது என்று கடல் தாண்டி வந்த பொருள். கண் மோசமாக மோசமாக, அதை அதிக நேரம் போட்டார். அதிக நேரம் போடப் போட, கண் மோசமானது.

பஸ் நின்று கால் மணி நேரம் ஆனது. வெயில் ஏறியது. பாதிப் பேர் இறங்கி வேலமர நிழலில் நின்றார்கள். கலைவாணன் டிக்கெட் மெஷினைக் கொண்டுவந்து நீட்டினார்.

"எத்தன டிக்கெட்டுன்னு பாருங்கண்ணே, கூட்டம் ஜாஸ்தி."

ராசாங்கம் தலையைச் சாய்த்துப் பார்த்தார். மெஷினின் திரை கறுப்பாக இருந்தது.

"கலை," என்றார். "ஒங்கிட்ட மறைக்கக் கூடாது. எனக்குக் கண்ணு போயிடுச்சி."

"என்னாது?"

"தெரியலடா. மெஷினு தெரியல. அதோ அந்த வெள்ளக் காரு கண்ணாடியப் பாரு, அது பூரா எனக்குப் புள்ளியாத் தெரியுது. நாளைக்கு டெஸ்ட்டுல ஊத்திக்கும். இதான் நான் எடுக்கற கடைசி டிரிப்புன்னு வெச்சுக்க."

ரகசியமாகத்தான் சொன்னார். ஆனால் அவருக்குப் பின்னால் முதல் சீட்டில், இரண்டு மூட்டை சின்ன வெங்காயத்தோடு ஆண்டாயி உட்கார்ந்திருந்தார். எழுபதை நெருங்கிய வெங்காய வியாபாரி. வாரம் மூன்று நாள் இதே பஸ்ஸில் அரியலூர் போகிறவர்.

"அடி ஆத்தீ!" என்று எழுந்தார் ஆண்டாயி. "கண்ணு தெரியாதவன நம்பியா ஏறி உக்காந்திருக்கோம்? எலேய், எறங்குங்கடா! டிரைவருக்குக் கண்ணு அவிஞ்சு போச்சாம்!"

உள்ளே இருந்த பாதிப் பேரும் இறங்கினார்கள், ஆண்டாயியின் வெங்காய மூட்டைகளும் இறங்கின, பின்னாலேயே ராசாங்கமும் இறங்கினார். இறங்கும் அவசரத்தில் ஒருவர் தன் செருப்பை விட்டுவிட்டு, இன்னொருவர் செருப்பில் இறங்கினார்.

"அதான் மாட்டு வண்டி மாதிரி வந்தாரா?"

"மெதுவா வந்தாரேன்னு சந்தோசப்படு. வேகமா வந்திருந்தா?"

"கண்ணு தெரியாமயே இவ்ளோ தூரம் கரெக்டா வந்திருக்காருய்யா. கைதட்டணும்."

கூட்டத்தில் சசிகலா இருந்தார். அரியலூரில் ஒரு கல்லூரியில் இயற்பியல் ஆய்வக உதவியாளர். செய்முறைத் தேர்வுக்காக லீவிலும் போய்க்கொண்டிருந்தார். இரண்டு வருடமாக இந்த பஸ்ஸில் மூன்றாவது சீட்.

"அண்ணே," என்றார் அவர், "மெஷினு எப்பவுமே தெரியலையா, இல்ல தலையச் சாய்ச்சா மட்டுந்தானா?"

ராசாங்கம் யோசித்தார். இடது பக்கக் கண்ணாடியில் படிக்கட்டைப் பார்த்துப் பார்த்து, ஸ்டீயரிங்கில் கை வைத்ததும் அவர் தலை தானாக இடது தோள் பக்கம் சாய்ந்துவிடும். டிரைவர்கள் பலருக்கும் உள்ள பழக்கம்தான்.

"சாய்ச்சா இல்லம்மா. நிமிந்தா இருக்கு."

"நீங்க போட்டிருக்கறது என்னா கண்ணாடி?"

"போலீஸ் கண்ணாடி."

"அப்படின்னா?"

"ஷார்ஜாவுல போலீசு போடறது."

சசிகலா கை நீட்டி வாங்கி, காதில் மாட்டும் தண்டின் உள்பக்கத்தை வெயிலில் பிடித்து, 'போலரைஸ்டு' என்று வாசித்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். நிறுத்த முடியவில்லை. வெங்காய மூட்டையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"ஏன் பாப்பா, முத்திப் போச்சா?" என்றார் ஆண்டாயி கவலையோடு.

"அண்ணே, இப்ப அந்த வெள்ளக் காரப் பாருங்க. புள்ளி இருக்கா?"

ராசாங்கம் வெறுங்கண்ணோடு பார்த்தார். "இல்லியே."

"போட்டுக்கங்க. இப்ப?"

"இருக்கு."

"கழட்டுங்க."

"இல்ல." போட்டார். "இருக்கு." கழற்றினார். "இல்ல." போட்டார், கழற்றினார், போட்டார். வாய் திறந்தபடி இருந்தது. "கலை! இந்தா, நீ போடு! போட்டுட்டு அந்தக் காரப் பாரு!"

கலைவாணன் போட்டுப் பார்த்தார். "யப்பா! புள்ளி! பச்சப் புள்ளி! அண்ணே, எனக்கும் கண்ணு போயிடுச்சிண்ணே!" என்று குதித்தார்.

வெள்ளைக் காரின் சொந்தக்காரர் கதவைத் திறந்துகொண்டு வந்தார். பத்துப் பேர் தன் காரின் பின்பக்கத்தைக் கைகாட்டிக் கத்துவதைப் பார்த்து, "என்னங்க, டயரா?" என்றார்.

"டயரு நல்லா இருக்கு சார். உங்க காருக்குத்தான் அம்மை போட்டிருக்கு. வந்து பாருங்க" என்றார் கலைவாணன்.

அவரும் போட்டுப் பார்த்தார். வண்டியை வாங்கி ஐந்து மாதம்தான் ஆகிறது என்றார்.

"எல்லாரும் சும்மா இருங்க, சொல்றேன்" என்றார் சசிகலா. யாரும் சும்மா இருக்கவில்லை. அவர் தன் குடையை எடுத்துக்கொண்டு பஸ்ஸின் ஜன்னலுக்குப் போனார். ஜன்னலில் மூன்று படுக்கைக் கம்பிகள். குடையைப் படுக்கவைத்து நீட்டினார், கம்பிகளுக்கு நடுவே உள்ளே போனது. நிமிர்த்திப் பிடித்து நுழைத்தார், கம்பியில் முட்டி நின்றது.

"வெளிச்சம் ஒரு அலை. ஆடிக்கிட்டே வரும். படுத்தும் ஆடும், நின்னும் ஆடும். இந்தக் கண்ணாடிக்குள்ள கண்ணுக்குத் தெரியாத கம்பி போட்ட மாதிரி ஒரு அமைப்பு இருக்கு. ஒரு பக்கமா ஆடற வெளிச்சத்த மட்டும் விடும், மத்தத நிறுத்திடும். ரோட்டுலயும் தண்ணியிலயும் பட்டு வர்ற கூச்சம் பெரும்பாலும் படுத்து ஆடறது. அத நிறுத்தத்தான் இது. மெஷினு, போனு, டேஷ்போர்டு, இதுலேருந்து வர்ற வெளிச்சமும் ஏதோ ஒரே பக்கமா ஆடறதுதான். தலையச் சாய்ச்சா கம்பி குறுக்க வந்துடுது. அவ்ளோதான்."

"அப்ப புள்ளி?" என்றார் ராசாங்கம். அவருக்கு முக்கியம் அதுதான்.

"கார்க் கண்ணாடிய நல்லா சூடு பண்ணி, சடார்னு காத்தடிச்சு ஆற வெப்பாங்க. அப்பத்தான் ஒடஞ்சாலும் கத்தி மாதிரி ஒடயாம, கல்கண்டு மாதிரி உதிரும். காத்து அடிச்ச எடமெல்லாம் உள்ள இறுக்கம் இருக்கும். அங்க போற வெளிச்சம் ரெண்டாப் பிரிஞ்சு, ஒண்ணு முந்தி, ஒண்ணு பிந்திப் போவும். வெளிய வந்து இந்தக் கண்ணாடிக்குள்ள மறுபடி ஒண்ணா சேரும்."

"சேந்தா?"

"நம்ம பஸ் படிக்கட்டு மாதிரிதான். ரெண்டு பேரு ஒண்ணா எறங்குனா சுலுவா எறங்கிடலாம். ஒருத்தன் ஏற, ஒருத்தன் எறங்க, முட்டிக்கிட்டா?"

"ரெண்டு பயலும் நவுர முடியாது" என்றார் கலைவாணன், அனுபவத்தோடு.

"அதேதான். சேந்து போனா வெளிச்சம், முட்டிக்கிட்டா இருட்டு. ஒவ்வொரு கலரும் பிந்தறது ஒவ்வொரு அளவு. ஒரு எடத்துல செவப்பு முட்டிக்கிது, பச்ச எறங்கிடுது. பக்கத்துலயே பச்ச முட்டிக்கிது, ஊதா எறங்கிடுது."

"வெளிச்சத்துக்கே புட்போர்டு பிரச்சினையா!" என்று கலைவாணன் தலையில் கை வைத்துக்கொண்டார்.

அதன் பிறகு நடந்ததை ஒழுங்காகச் சொல்வது கஷ்டம். சசிகலா தன் போனில் வெறும் வெள்ளைத் திரையை வரவழைத்து, அதன்மேல் சாப்பாட்டு டப்பாவின் பிளாஸ்டிக் மூடியை வைத்து, கண்ணாடி வழியாகப் பார்க்கச் சொன்னார். முதலில் பார்த்த ஆண்டாயி கொஞ்ச நேரம் பேசவில்லை. ஆண்டாயி பேசாமல் இருந்ததைக் கண்டு மற்றவர்கள் பதறினார்கள்.

"என்னாத்தா தெரியுது?"

"போங்கடா. என் ஆயுசுல இத்தன கலர்ல ஒரு சீல பாத்ததில்ல. இதப் போயி மூடின்னு சொல்லிக்கிட்டுத் திரியிறீங்க."

உடனே வரிசை உண்டானது. ஒவ்வொருவராகத் தம்மிடமிருந்த பிளாஸ்டிக்கோடு வந்தார்கள். ஐஸ்கிரீம் ஸ்பூனில் வானவில் வளைந்து வளைந்து நின்றது. ஒரு மாணவியின் ஹால் டிக்கெட் உறையில் மயில் கழுத்து நிறம் ஓடியது. ஒருவர் மூக்குக் கண்ணாடியின் வில்லையைக் கொண்டுவந்தார். ஒருவர் பல்செட்டைக் கழற்ற முயன்றபோது மற்றவர்கள் தடுத்தார்கள். தண்ணீர் பாட்டிலைப் பிதுக்கினால் நிறங்கள் நகர்வதை யாரோ கண்டுபிடித்தார்கள், பிறகு பாட்டில் பிதுக்குவதற்குத் தனி வரிசை ஆனது. ஒரு சின்னப் பாப்பாவின் கிலுகிலுப்பையைப் பிடுங்கிப் பார்த்துவிட்டு, அது அழ, கண்ணாடியை அதற்கே மாட்டினார்கள். அது சிரித்தது.

நின்று போயிருந்த எல்லா வண்டிகளிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். அச்சு முறிந்த லாரியின் டிரைவரும் வந்தார். "நம்ம வண்டிக்கு என்னா கலரு தெரியும்?" என்று கேட்டார். இறுக்கம் இருந்தால் நிறம் தெரியும் என்று சசிகலா சொன்னதும், "அப்ப எங்க மொதலாளிய இது வழியாப் பாக்கணும்" என்றார்.

ராசாங்கம் சாலை நடுவில் நின்று மனைவிக்குப் போன் போட்டார்.

"மலரு! கண்ணு வந்துடுச்சி!"

"எங்கருந்து?"

"போவவே இல்லடி! எல்லாம் ஒன் தம்பி பண்ண வேல!"

"அவன என்னாத்துக்கு இழுக்கறீங்க?"

"பொன்னாங்கண்ணிய நிறுத்து!"

"கீரக்காரிகிட்ட இந்த மாசம் பூரா தெனம் ரெண்டு கட்டு சொல்லி வெச்சிருக்கேன். அதெல்லாம் நிறுத்த முடியாது."

ராசாங்கம் போனை வைத்தார். பஸ்ஸில் ஏறி, ஹாரனை விடாமல் அடித்தார். பின்னால் நின்ற வண்டிகள் லாரி நகர்ந்துவிட்டதாக நினைத்துத் தாமும் அடித்தன. ஒரு மாணவன் போனில் பாட்டு வைத்தான். ராசாங்கம் இறங்கி நான்கு எட்டு ஆடினார். வெள்ளைக் காரின் சொந்தக்காரரைக் கட்டிப்பிடித்தார்.

ஆண்டாயி மட்டும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

"ஆடறது இருக்கட்டும். கண்ணாடி மேலதான் தப்பு, சரி. கண்ணு சரியா இருக்குன்னு யாரு சொன்னா? நாளைக்குத்தான டெஸ்ட்டு? இங்க நடக்கட்டும் மொதல்ல. நான் வெங்காயத்த ஏத்தணுமில்ல."

கூட்டம் அதை ஒப்புக்கொண்டது. லாரியின் பக்கவாட்டில் முதலாளியின் செல் நம்பர் மஞ்சள் பெயின்டில் எழுதியிருந்தது. கிட்ட நின்றவர்கள் அதை உடம்பால் மறைத்துக்கொண்டார்கள். ராசாங்கத்தை முதுகு திருப்பி நடக்க வைத்து, ஐம்பது தப்படியில் நிறுத்தினார்கள். கறுப்புக் கண்ணாடி ஆண்டாயியின் கண்ணில் இருந்தது.

"திரும்பு. படி."

முன்னால் நின்றவர்கள் விலக, ராசாங்கம் பத்து எண்களையும் ஒரே மூச்சில் சொன்னார். கூட்டம் கத்தியது.

"நம்பர மனப்பாடம் பண்ணியிருப்பாரு!"

"நான் என்னாத்துக்கு இவரு மொதலாளி நம்பர மனப்பாடம் பண்ணப் போறேன்?"

எண்பது தப்படிக்குத் தள்ளினார்கள். இப்போது எண்ணுக்குக் கீழே இருந்த முதலாளியின் பெயரையும் சொல்லச் சொன்னார்கள். சொன்னார். ஊர்ப்பெயரையும் சொன்னார். நூறு தப்படியில், பெயின்டர் எழுத்தின்மேல் வைக்க மறந்த ஒரு புள்ளியைக்கூடச் சுட்டிக்காட்டினார். ஒரு மாணவி சந்தேகத்தோடு அவர் சொன்ன எண்ணுக்குப் போன் அடித்தாள். எதிர்முனையில் லாரி முதலாளி எடுத்தார்.

"யாரும்மா?"

"கண்ணு டெஸ்ட்டுங்க. சரியா இருக்கு, வெச்சிடுங்க."

நூற்றிருபது தப்படியில் கூட்டமும் அவரோடு வந்துவிட்டது. எண்களை அவர் கத்த, லாரியின் அருகே விட்டுவந்த ஒருவர் ஒவ்வொன்றுக்கும் துண்டை வீசினார். பத்துக்குப் பத்து. இரண்டு பேர் ராசாங்கத்தைத் தோளில் தூக்கினார்கள்.

"நீங்க சொல்லுங்க கண்டக்டரே, கடைசி நம்பரு என்னா?" என்று யாரோ விளையாட்டாகக் கேட்டார்கள்.

கலைவாணன் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "எங்க எழுதியிருக்கு?"

"லாரியிலங்க."

"லாரி தெரியுது. எழுதியிருக்கா?"

தோளில் இருந்தபடியே ராசாங்கம் குனிந்தார். "கலை, வெளயாடாத."

"இல்லண்ணே. நெசமாத்தான். மஞ்சளா ஒரு கோடு தெரியுது."

எண்பது தப்படிக்கு வந்தார்கள். கோடுதான். ஐம்பதில் மூன்று எண் சொன்னார், இரண்டு தப்பு. அவருக்கு வயது முப்பத்து நான்கு. பிறகு ஆண்டாயி கறுப்புக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "அடப்பாவி! அதான் போன வாரம் எனக்குச் சில்லறைக்குப் பதிலா ஒன் வீட்டுச் சாவிய எடுத்துக் குடுத்தியா?" என்றார். சாலையில் நின்றவர்கள் உட்கார்ந்து சிரித்தார்கள்.

கிரேன் 12.50க்கு வந்தது. கிரேன் ஓட்டுநர் இறங்கியதும், லாரியைத் தூக்கும் முன், என்ன வரிசை என்று விசாரித்துத் தானும் ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் வேலையை ஆரம்பித்தார். பஸ் 1.35க்குச் சித்தளியிலிருந்து புறப்பட்டது. ராசாங்கம் கண்ணைச் சுருக்கிக்கொண்டு வெறுங்கண்ணோடு ஓட்டினார். டிராக்டர் எதுவும் தாண்டவில்லை. 1.59க்கு அரியலூர் போய்ச் சேர்ந்தது.

மறுநாள் கண் பரிசோதனையில் ராசாங்கம் தகுதி பெற்றார். அவரோடு போன கலைவாணனுக்குக் கிட்டப்பார்வை இருப்பதாகச் சொல்லி, மூக்குக் கண்ணாடி எழுதிக் கொடுத்தார்கள். வியாழக்கிழமை 10.40 பஸ்ஸை ராசாங்கம் எடுத்தார்.